மாமரத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி

நேற்று விடியக் காலமை அம்மாவோடு ஒரு சின்னச் சண்டை. இருபது முப்பது காய்ந்த இலைகள்தான் காரணம்.

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். கார் விடுகிற தரைக்கும் புல்லுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் கிடக்கிறது. அதில் ஒரு ஸ்மோக் புஷ் நிற்கிறது. அம்மா அதற்கு வைத்த பெயர் புகைச்செடி. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி எண்ணிப் பத்து நாள் அதற்கு வருகிற நிறத்தைப் பார்க்கத்தான் வருசம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறேன். இலை விழுந்தாலும் உடனே கறுத்துப் போகாது, இரண்டு மூன்று நாளுக்கு நிறம் அப்படியே கிடக்கும். நான் வேலைக்கு வெளிக்கிடும்போது நல்ல இருட்டு. காரின் லைற்றைப் போட்டதும் முதலில் தெரிவது அந்த இலைகள்தான். நேற்றுப் போட்டேன். வெறும் தார்த்தரை. முந்தின நாள் பின்னேரமே அம்மா கூட்டி அள்ளி, மாநகரசபை லொறிக்குப் போடுகிற கடதாசிப் பையில் கட்டி வைத்துவிட்டார்.

"ஏனம்மா கூட்டினீங்கள்?"

"பின்ன? வாசல்ல குப்பை கிடந்தா ஆக்கள் என்ன நினைப்பினம் தம்பி?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் எங்கள் முற்றத்தில் மாமரம் ஒரு பக்கம், வேம்பு ஒரு பக்கம். சூரியன் மேலே வருவதற்குள் முற்றம் கூட்டி முடிந்திருக்கும், செம்மண்ணில் ஈர்க்குமாற்றின் வளைவு வளைவான கோடுகள் தெரியும். அந்தக் கோட்டை முதலில் மிதிப்பது நாங்கள் பிள்ளைகள்தான், அதற்கும் பேச்சு விழும். அந்தக் கை எழுபத்தொன்பது வயதில் இங்கே வந்து ஒரு சிவந்த இலையை இலை என்று பார்க்குமா, குப்பை என்று பார்க்குமா? ஈர்க்குமாறுகூட விட்டபாடில்லை. இங்கத்தைத் தமிழ்க் கடையிலும் விற்கிறார்கள்.

ஆனால் இந்தச் செடி இங்கே நிற்பதற்கே அம்மாதான் ஒருவகையில் காரணம். ஊரில் அவருக்குக் குரோட்டன் பைத்தியம். பழைய பால்மா ரின், ஓட்டை விழுந்த வாளி, உடைந்த குடத்தின் அடி, எது கிடைத்தாலும் அதில் ஒரு குரோட்டன் தடி குத்தியிருக்கும். மஞ்சள் புள்ளி, முறுக்கு இலை, கோழிக்கால் மாதிரிப் பிரிந்த இலை. அதிலே பூ எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. இலைக்காகவே ஒரு செடியை வளர்க்கலாம் என்பதை நான் எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்தப் பால்மா ரின்களில் பார்த்தேன். இங்கே குரோட்டன் வீட்டுக்குள் வளர்க்கிற செடி. ஹீற்றர் போட்டு இரண்டு கிழமைக்குள் கீழ் இலைகளைக் கொட்டிவிட்டுக் குடை பிடித்த மாதிரி உச்சியில் நாலு இலையோடு நிற்கும். மூன்று வாங்கி மூன்றும் போயிற்று. "வெளியில நிக்கிற மாதிரி ஒண்டு இல்லையோ" என்று அம்மா கேட்ட வருசம் 2017.

முதலில் மனதில் இருந்தது பேர்னிங் புஷ். இந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு அதுதான், செப்டெம்பர் கடைசியில் ஒரே ரோஸ்சிவப்பாக மாறும். ஆனால் அதன் பழத்தைக் குருவிகள் தின்று காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட, அங்கே முளைத்து மற்றச் செடிகளுக்கு இடம் விடாமல் மண்டுகிறது. அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் அதை விற்கவே தடை. எனக்கு அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. இலை நிற்கிற மற்ற மாதமெல்லாம் அது வெறும் பச்சைப் பற்றை. குரோட்டன் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது காணாது.

அப்படித் தேடும்போதுதான் செடி விற்கிற ஓரிடத்தில், வரிசையின் கடைசியில், கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வட்டமான இலைகளோடு ஒன்று நின்றது. ஸ்மோக் புஷ்ஷில் 'ரோயல் பேர்ப்பிள்' என்ற வகை என்று அட்டை. முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம், பதின்மூன்று வீத வரி தனி. மே மாதத்து விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதி. ரொறன்ரோவில் அதற்கு முதல் ஒருவரும் நம்பி மண்ணில் கை வைக்க மாட்டார்கள், இரவில் உறைபனி திரும்பி வந்துவிடும் என்ற பயம்.

அந்த முதல் செடியை நான்தான் கொன்றேன். அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

பின்வளவில் வேலிக்குப் பக்கத்தில் எங்கள் மரக்கறிப் பாத்தி இருந்தது. மூன்று வருசமாகக் கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய். அதன் ஒரு மூலையில் கிடங்கு வெட்டினேன். ஊர்ப் பழக்கம் விடுமா? ஒரு பை ஆட்டெரு, ஒரு பை கொம்போஸ்ற், ஒவ்வொரு பின்னேரமும் தண்ணீர். செடி வளர்ந்ததுதான், ஆனால் எப்படி? நீளம் நீளமாக வாடல் தண்டுகள், பெரிய மெல்லிய இலைகள், கத்தரிக்காய் நிறம் வெளுத்துப் பச்சையோடு கலந்த ஒரு ஊத்தை நிறம். ஒக்டோபரில் அது சிவக்கவேயில்லை. முதல் கடும் பனிக்கு இலையெல்லாம் பழுப்பாகி, அவித்த கீரை மாதிரித் தொங்கியது. செடி புதிது, அடுத்த வருசம் வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த யூலையில் ஒரு கிளை மட்டும் வாடியது. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பத்து நாளில் மற்றப் பக்கத்துக் கிளை. வாடின கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது பட்டைக்கு உள்ளே மரத்தில் பச்சையும் கபிலமும் கலந்த கறைப் புள்ளிகள் வட்டமாக இருந்தன. அதன் பெயர் வேர்ட்டிசிலியம் வாடல். மண்ணில் இருக்கிற ஒரு பூஞ்சணம் வேரால் ஏறித் தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிடுகிறது. செடி ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். அந்தப் பூஞ்சணத்துக்கு மிகவும் விருப்பமானவை எவை தெரியுமா? கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு. மூன்று வருசமாக நான் அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். ஸ்மோக் புஷ்ஷோ அந்த நோய்க்குச் சட்டென்று விழுகிற இனம். பயிரே இல்லாவிட்டாலும் பூஞ்சணத்தின் கறுப்பு மணிகள் பத்து வருசத்துக்கு மேலும் அந்த மண்ணில் உயிரோடு கிடக்கும். மருந்து கிடையாது. ஓகஸ்ட் நடுவில் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிவிட்டேன். மனிசி இப்போது கத்தரியை வாளியில் வைக்கிறாள். பாத்தியில் சோளம். புல்லினங்களை அந்தப் பூஞ்சணம் தொடாது.

அதே 2018 செப்டெம்பரில் இரண்டாவது செடி. இந்த முறை முன்பக்கம், வீட்டிலேயே கேவலமான மண். வீடு கட்டினவர்கள் புதைத்துவிட்டுப் போன கல்லும் செங்கல் துண்டும், மிச்சம் களி. மண்வெட்டி இறங்கவில்லை, அலவாங்குதான் போட வேண்டி வந்தது. காலையிலிருந்து பின்னேரம் வரை நேர் வெயில். கிடங்கைச் செடியின் வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலமாக வெட்டி, ஆழத்தைக் கட்டியின் உயரத்துக்கே நிறுத்தினேன். சுற்றிக் கொஞ்சம் மேடு கட்டினேன், ஸ்நோ கரைகிற தண்ணீர் அடியில் தேங்கக் கூடாது. எரு இல்லை. ஒரு பிடிகூட இல்லை. எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு மிதித்தேன். பனி விழும் மட்டும் கிழமைக்கு ஒரு தரம் நல்லாகத் தண்ணீர் விட்டேன். அடுத்த கோடையிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு இன்று வரை அது மழையைத்தான் நம்பி நிற்கிறது.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு பிடி எருக்கூடப் போடாமல் ஒரு உயிரை வைக்கிறியே" என்று அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றப் பார்த்தார். நான் மறித்தேன். பிறகு நான் வேலைக்குப் போன நேரத்தில் ஊற்றியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மே மாதம் இன்னொரு கலவரம். பக்கத்து வீட்டு லைலாக் இலைவிட்டு மொட்டும் கட்டிவிட்டது. தெருவெல்லாம் பச்சை. எங்களது மட்டும் வெறும் தடி. "பட்டுப் போச்சு. இதையும் பிடுங்கிப் போடு" என்றார் அம்மா. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. குந்தியிருந்து ஒரு தண்டில் பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். மெல்லிய தோலுக்குக் கீழே பச்சை ஈரம். மணந்து பார்த்தேன். கையை அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் மணந்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாங்காய்ப் பால்" என்றார்.

சரியாகவே சொன்னார். ஸ்மோக் புஷ் மாமரத்தின் குடும்பம். அனகார்டியேசியே என்று தாவரவியலில் சொல்கிற அந்தக் குடும்பத்தில் மா, கஜு, அம்பரெல்லா, ஊரில் வேலிக் கதியாலாக நிற்கிற ஒதி, வண்ணான் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டை, எல்லாமே அடக்கம். இங்கே 401 நெடுஞ்சாலையின் கரையில் செப்டெம்பரிலேயே சிவந்து நிற்கிற சூமாக்கும் அதுதான், ரூஜ் பூங்காவில் நடக்கப் போனால் மூன்றிலை கண்டால் தொடாதே என்று பயமுறுத்துகிற பாய்சன் ஐவியும் அதுதான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஸ்மோக் புஷ்ஷைச் சூமாக்கோடேயே சேர்த்து ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். கொட்டினஸ் என்று தனிப்பெயர் பிறகுதான் நிலைத்தது. குடும்பத்துக்கே பாலில் ஒரு குணம் உண்டு. சின்ன வயதில் மாங்காயைக் காம்போடு கடித்து எனக்குக் கடைவாயில் பால்புண் வந்தது ஞாபகம் இருக்கிறது. அதனால் இதை வெட்டும்போது நீளக் கை சட்டையும் கையுறையும் போடுகிறேன். எல்லாருக்கும் அரிக்காது, மாம்பால் ஒத்துவராதவர்கள் கவனமாக இருந்தால் நல்லது.

பட்டுப் போச்சு என்ற செடி மே 24ஆம் தேதி அளவில் துளிர்த்தது. எப்போதும் இப்படித்தான், தெருவில் கடைசியாக எழும்புகிற சோம்பேறி. முதல் துளிர் பளபளவென்று செம்புச் சிவப்பு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் படியில் இருந்தார். எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம் தளிர்விடும்போது இப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, துவண்டு, கீழே பார்த்துத் தொங்கும். மாந்தளிர் நிறம் என்று மேனிக்குச் சொல்லுவோமே, பழைய பாட்டில் மாமை என்று வருமே, அது. அந்தச் சிவப்பும் இலையுதிர் காலத்துச் சிவப்பும் ஒரே வகைச் சாயம்தான், அந்தோசயனின். மா பிறக்கும்போது அதைப் போர்த்திக்கொள்கிறது. பச்சையம் இன்னும் முற்றாத இளம் இலைக்கு வெயிலிலிருந்து அது ஒரு மறைப்பு என்கிறார்கள். இங்கத்தைச் செடிகள் போகும்போது போர்த்திக்கொள்கின்றன. ரோயல் பேர்ப்பிள் பிறப்பு தொடங்கிக் கடைசி வரைக்கும் அதைக் கழற்றுவதேயில்லை.

எங்கள் இடது பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியக் கிழவர். எண்பத்தேழு வயது, தக்காளிக்கும் அத்திக்கும் மட்டும் வாழ்கிறவர். வந்து இரண்டு வருசம் எங்களோடு கதைத்ததே குறைவு. 2020 ஒக்டோபரில் ஒரு நாள் எங்கள் வாசலுக்கு நேரே வந்து இந்தச் செடிக்கு முன்னால் நின்றார். ஒரு இலையைத் தொட்டு "சொமாக்கோ" என்றார். தான் பிறந்தது திரியெஸ்ற்றே பக்கம், கார்சோ மேட்டுநிலம் என்றார். அங்கே இது ஒருவரும் நடாமல் தானாக முளைக்கிற காட்டுப் பற்றையாம். ஒக்டோபரில் வெள்ளைக் கல்லுக்கு இடையில் அந்த மேடு முழுக்கச் சிவந்து கிடக்குமாம். காசு கொடுத்தா வாங்கினாய் என்று ஒரே சிரிப்பு.

அதற்குப் பிறகு அவரோடு வேலியடியில் நின்று கதைத்ததில் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. அவருடைய ஊரில் ஆறு கிடையாது. திமாவோ என்று ஒரு ஆறு வந்து நிலத்துக்குள் இறங்கி மறைந்து, கடற்கரையில்தான் திரும்பத் தலைகாட்டும். மண் சிவப்பு, கொஞ்சம்தான். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் நிற்காது, கல்லில் உள்ள வெடிப்பால் கீழே போய்விடும். நான் சொன்னேன், எங்கள் ஊரும் அச்சொட்டாக அதுதான் என்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறே இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேலே செம்மண், கல்லுக்கு உள்ளே தண்ணீர், கிணறு வெட்டித்தான் குடித்தோம். புத்தூரில் நிலாவரை என்று அடி காணாத கிணறு என்பார்கள். சுண்ணாம்புக்கல் கரைந்து உள்ளிறங்கினதால் வந்தது அது. இப்படிப்பட்ட நிலத்துக்குக் 'கார்ஸ்ற்' என்று புவியியலில் சொல்கிற பெயரே அந்தக் கிழவரின் ஊரிலிருந்து போனதுதான். கோப்பிக் கோப்பையை வேலி மேல் வைத்துவிட்டு, ஆறில்லாத ஊர்க்காரர் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

என் முதல் செடி செத்த காரணம் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. பூஞ்சணம் பாதிதான். சுண்ணாம்புக்கல் வெடிப்பில், ஒரு சாண் மண்ணில், தண்ணீர் உடனே ஓடிவிடுகிற சரிவில் வளர்ந்த சாதியை நான் ஆட்டெருவில் உட்காரவைத்து ஊட்டியிருக்கிறேன். தழைச்சத்து கூடினால் இலை பச்சைக்குத்தான் போகும், கடைசி வரை வளர்ந்துகொண்டே நிற்கும், குளிருக்கு ஆயத்தமாகாது. வேலைத்தலத்தில் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒரு பெண் தன் போனில் சியாங்ஷான் குன்றைக் காட்டினாள். ஒவ்வொரு ஒக்டோபரும் சிவப்பு இலை பார்க்கச் சனம் முண்டியடிக்கிற இடம். அங்கே சிவப்பதும் பெரும்பாலும் இதே செடிதான். அதுவும் மலைச்சரிவு.

புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூன் மாதத்தில் கிளை நுனியில் பூ வரும். மஞ்சள் பச்சையாகப் பொடிப் பொடியாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலான பூக்கள் காய்க்காது. காய்க்காத பூக்களின் காம்புகள் அதற்குப் பிறகு நீண்டு, அதில் மெல்லிய ரோஸ் மயிர் முளைத்து, செடி முழுக்கப் பஞ்சு மூடின மாதிரி ஆகும். யூலைப் பின்னேரம் வெயில் அதற்குப் பின்னால் நின்றால் தூரத்திலிருந்து உண்மையாகவே புகைதான். அம்மாவுக்கு இதுதான் பிடித்த பருவம். இலவம் பஞ்சு வெடித்த மாதிரி என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

எனக்கு இலை. இங்கேதான் வீட்டில் கட்சி பிரிந்தது. பூ வருவது பழைய தண்டில். ஏப்ரல் தொடக்கத்தில், துளிர் வருமுன், எல்லாத் தண்டையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அந்த வருசம் ஆளுயரத்துக்குப் புதுத் தண்டு எழும்பும். இலை உள்ளங்கை அகலம் வரும், நிறமும் அடர்த்தி. ஆனால் அந்த வருசம் புகை கிடையாது. 2021இல் நான் அப்படி வெட்டினேன். வெட்டின தடிகளின் நடு மரம் நல்ல மஞ்சள். அந்த மஞ்சளை எடுத்து ஐரோப்பாவில் கம்பளிக்குச் சாயம் போட்டார்களாம். அம்மாவுக்கு மஞ்சளும் தேவையில்லை, சாயமும் தேவையில்லை. யூலை முழுக்க வாசலுக்கு வந்து செடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உள்ளே போவார்.

இப்போது ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கு தண்டை மட்டும், வயது போனதாகப் பார்த்து, அடியோடு எடுக்கிறேன். உயரத்தில் புகை இருக்கிறது, கீழே பெரிய இலை இருக்கிறது. வடிவாகத் தெரிகிறதா என்றால் இல்லை, கொஞ்சம் பரட்டைத் தலைதான். 'கிரேஸ்' என்று ஒரு வகை இருக்கிறது, 1970களில் இங்கிலாந்தில் ஹிலியர் நாற்றுமேடையில் பீற்றர் டம்மர் என்பவர் அமெரிக்க இனத்தோடு கலந்து எடுத்துத் தன் மனைவியின் பெயரை வைத்தது. இலை இன்னும் பெரிது, இலையுதிர் நிறம் இன்னும் வெளிச்சம் என்கிறார்கள். இடமிருந்தால் அதையும் வைத்திருப்பேன். ஆனால் அது சுலபமாகப் பதினைந்து அடி போகும், எங்களிடம் இருப்பது ஒரு பாய் மண்.

நிறம் எப்போதும் ஒரே மாதிரி வராது. செப்டெம்பரில் பகல் நல்ல வெயிலும் இரவு நல்ல குளிரும், ஆனால் உறையாத குளிரும் என்றால் வரும். பகலில் இலை சர்க்கரை செய்கிறது, குளிரில் அது தண்டுக்கு இறங்குவது மந்தமாகிறது, பச்சையம் ஒரு பக்கம் கலைய மற்றப் பக்கம் அந்தச் சர்க்கரையை வைத்துச் சிவப்புக் கட்டுகிறது. மூடல் மழையாகப் போன வருசங்களில் மங்கல்தான். செப்டெம்பரில் நான் வானத்தைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் புகையிலைக்காரன் தோற்றுப்போவான்.

இந்த வருசம் ஒக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு மணி. ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடு நரம்பும் அதிலிருந்து சீப்புப் பல் மாதிரி ஒழுங்காகப் பிரிகிற நரம்புகளும் இன்னும் கத்தரிக்காய் நிறம். நரம்புக்கு நரம்பு இடையில், செத்தலுக்குக் காயப்போட்ட பழ மிளகாயின் முதல் நாள் சிவப்பு. விளிம்பில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. மத்தியானம் பெய்த தூறல் இலையில் ஒட்டாமல், சேம்பிலைத் தண்ணீர் மாதிரி, உருண்டு நின்றது. அந்தத் துளிக்குள்ளேயும் சிவப்பு. அதே கிளையில் பக்கத்து இலை முழுக்கச் செம்மஞ்சள். ஏன் அது மட்டும் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டும் என்றும் இல்லை.

அந்த இலைகள்தான் பைக்குள் போனவை. நேற்று வேலையால் வந்ததும் பையை அவிழ்த்து, மேலே கிடந்ததை ஒரு கைப்பிடி அள்ளித் திரும்பச் செடிக்கு அடியில் போட்டேன். மனிசி யன்னலில் நின்று சிரித்தாள். குப்பையைக் காசுப் பை மாதிரித் திறந்து பார்க்கிற ஒரே மனுசன் நான்தானாம்.

அப்படிக் குனிந்தபோதுதான் கண்டேன். செடியின் பின்பக்கம், மதிலோரம், கீழ்க்கிளை ஒன்று வளைந்து மண்ணுக்குள் போயிருக்கிறது. அதன் மேல் ஒரு செங்கல். நுனி அந்தப் பக்கத்தால் நிமிர்ந்து நாலைந்து சிவப்பு இலையோடு நிற்கிறது.

"அது நான் யூனில போட்ட பதியம்" என்றார் அம்மா, படியில் இருந்தபடியே. "பிறம்டன் பெரியம்மான்ர மகள் கேட்டவள்."

தடி வெட்டி நட்டால் இந்தச் செடி லேசில் வேர்விடாது, நான் இரண்டு வருசம் பன்னிரண்டு தடி வைத்து ஒன்றும் பிழைக்கவில்லை. பதியம்தான் வழி என்று எங்கோ படித்துவிட்டு, அடுத்த வருசம் பார்ப்போம் என்று விட்டிருந்தேன். அம்மா எதையும் படிக்கவில்லை. ஊரில் மல்லிகைக்கும் ரோசாவுக்கும் செய்தது மாதிரி, தண்டின் அடித்தோலைக் கத்தியால் கொஞ்சம் சீவி, மண்ணில் அழுத்திக் கல் வைத்திருக்கிறார். எருப் போட்டீங்களோ என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வேர் பிடித்து வெட்டி எடுக்க இன்னும் ஒரு வருசமாவது வேண்டும். அதுவரைக்கும் கல்லை அசைக்கக் கூடாது. கஷ்டம் என்னவென்றால் ஸ்நோ தள்ளுகிற மெசினின் சில்லு திரும்புகிற இடம் அது. நேற்று இரவே ஒரு மூங்கில் தடி நட்டுவிட்டேன். இன்றைக்குக் காலையில் பார்க்க, அதன் தலையில் ஒரு துண்டு பழைய சீலைக்கரை கட்டியிருக்கிறது, நல்ல மஞ்சள். ஸ்நோ தள்ள வருகிற பெடியனுக்கு அது தெரிந்தால் போதும்.